பரிசீலனையில் உள்ளது

ஜோசையா பெல் என்பவனின் கையெழுத்து என் அம்மாவின் கையெழுத்தைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அவன் செத்து இருநூற்றுச் சொச்சம் வருடங்கள். வட இங்கிலாந்தில் ஹார்த்வெயிட் என்ற எஸ்டேட்டில் காரியஸ்தனாக இருந்தவன். முதலாளி சேர் எட்மண்ட் லண்டனில் சீட்டாடிக்கொண்டிருக்க, மலையடிவாரத்து நிலங்களையும் குடிகளையும் ஈயம் உருக்கும் சாலையையும் இவன்தான் கட்டி மேய்த்தான். மேய்த்ததை வாரத்துக்கு இரண்டு தரம் முதலாளிக்குக் கடிதமாக எழுதினான். எழுதிய ஒவ்வொன்றையும் அனுப்புவதற்கு முன் ஒரு தடித்த கொப்பியில் வரிக்கு வரி பிரதி பண்ணி வைத்தான். அந்தக் கொப்பிகளில் ஒன்பது இன்று பேர்ன் நகரத்தில், வீடுகளை வாடகைக்கு விடும் ஒரு கம்பனியின் மூன்றாம் மாடியில், என் மேசைக்குப் பக்கத்து இரும்பு அலுமாரிக்குள் இருக்கின்றன.

கம்பனியின் சொந்தக்காரர் ஹெர் லூகின்பூல் அவற்றை லண்டனில் ஏலத்தில் எடுத்தார். அவர் வசதிக்கு மற்றவர்கள் பாய்மரப் படகு வாங்குவார்கள். இவருக்குச் செத்துப்போன காரியஸ்தன் ஒருவனின் கடிதங்கள் வேண்டியிருந்தது. "இந்த ஆள் என் தொழில்காரன்" என்பார். கம்பனிக்கு ஐம்பது வயதாகிறதாம், அதற்கு இந்தக் கடிதங்களைப் புத்தகமாகப் போட்டு வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கப்போகிறாராம். பழைய ஆங்கிலக் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் வரலாறு படித்துவிட்டு இரண்டு வருடம் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் தொலைபேசிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள். ஒரு வருட ஒப்பந்தம் தந்தார். ஜூலைக் கடைசியில் முடியும்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவரே இரண்டு கோப்பியும் வால்நட் போட்ட இரண்டு கிப்ஃபெல் பணிசும் எடுத்துக்கொண்டு என் அறைக்கு வருவார். அந்த வாரம் வாசித்ததை நான் ஜேர்மனில் சொல்லவேண்டும். அறுபத்தெட்டு வயது மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. துப்பரவு செய்ய வரும் பெண்ணுக்கும் கதவைப் பிடித்துவிடுவார். கொடுமைக்காரன் என்றால் மீசையை முறுக்கிக்கொண்டுதான் வருவான் என்று எங்கள் ஆட்களுக்கு இன்னும் ஒரு நினைப்பு இருக்கிறது, அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெல்லை எனக்குப் பிடித்திருந்தது. வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான். அவனுடைய வசனம் அவ்வளவு சுத்தம். ஈயச் சாலையின் புகை புல்லில் படியும், அந்தப் புல்லைத் தின்ற மாடுகள் சாகும். பெல் "செத்தன" என்று எழுதுவான். பிறகு அதை ஒற்றைக் கோட்டால் வெட்டிவிட்டு மேலே "சற்றுச் சுகமில்லாமல் இருக்கின்றன" என்று எழுதுவான். லண்டனுக்குப் போனது சுகமில்லாத மாடுகள். கொப்பியில் கிடப்பவை செத்த மாடுகள். வெட்டிய சொற்களைத் தேடிப் பிடிப்பதில் எனக்கு ஒரு கெட்டித்தனம் வந்துவிட்டது.

ஏப்ரலில் 1767ஆம் வருடத்துக் கடிதங்களுக்கு வந்தேன். ஈயச் சாலையைப் பெருப்பிக்க வேண்டும் என்று சேர் எட்மண்ட் விரும்பினார். அதற்குத் தேவைப்பட்ட பக்கத்து நிலத்தில் பதினொரு குடிகள் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரேயொரு உரிமை இருந்தது. செப்டெம்பர்க் கடைசியில், மைக்கல்மஸ் திருநாளோடு, வருடத்துக்கு ஒருமுறை நிலவழக்கு மன்று கூடும். அங்கே போய் "பரம்பரையாக இருக்கிறோம்" என்று ஒரு வக்கீல் சொன்னால் போதும், சில வருடத்துக்கு யாரும் அவர்களை அசைக்க முடியாது. அந்த நாளைத் தவறவிட்டால் அவ்வளவுதான், பிறகு ஒரு உரிமையும் இல்லை. பதினொரு குடியும் மன்றுக்குப் போகவில்லை. முதலாளிக்கு ஒரு மன்றாட்டக் கடிதம் எழுதினார்கள். முதல் பெயர் ஹன்னா குரொஃப்ட். அவளுடைய புருஷன் இருபது வருடம் உலையடியில் நின்றவன், ஈயம் ஏறி மணிக்கட்டுக்குக் கீழே இரண்டு கையும் தொங்கிப்போய், கரண்டியைத் தூக்க இயலாமல் கிடந்தான்.

பெல் முதலாளிக்கு எழுதியதை நான் இப்படி மொழிபெயர்த்தேன்: "அவர்களுக்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. பிரபு அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். பழைய பத்திரங்கள் ஏதும் இருந்தால் தேடித் தரும்படியும் கேட்டிருக்கிறேன், தேடுவது நல்ல பொழுதுபோக்கு. நம்பிக்கை உள்ளவன் வக்கீல் வீட்டுக்கு நடக்கமாட்டான். மன்று கூடிக் கலையட்டும். சொல்லவேண்டியதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்."

ஹெர் லூகின்பூல் கோப்பியைக் கீழே வைத்துவிட்டு மேசையில் கையால் தட்டிச் சிரித்தார். இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "நம்பிக்கை உள்ளவன் வக்கீல் வீட்டுக்கு நடக்கமாட்டான்" என்ற வசனத்துக்கு நான் பிடித்த ஜேர்மன் அவ்வளவு அழகாக விழுந்திருந்தது. அவர் அதைப் பாராட்டினார். எனக்குத் தலை கால் தெரியவில்லை. அன்று பின்னேரம் ஓர்லிகோனில் இருக்கும் அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்து அதைச் சொன்னதும் நான்தான்.

மன்று கலைந்த மறுநாள் பதினொரு குடிக்கும் ஒரே வரியில் பதில் போனது. ஹன்னாவின் புருஷன் வண்டியில் ஏற்றும்போது இறந்ததாக பெல் எழுதி, அதை வெட்டியிருக்கிறான். அதைப் புத்தகத்தில் சேர்க்கவேண்டாம், வாசிப்பவர்களுக்குச் சங்கடம் என்றார் ஹெர் லூகின்பூல். நானும் சரி என்றேன்.

ஜூன் பதினோராம் திகதி கஜலக்சுமி மாமி ரெலிபோன் எடுத்தார்.

மாமி என்றால் இரத்த உறவு இல்லை. ஓஸ்டர்முண்டிகனில் நாங்கள் இருந்த வீட்டுக்குக் கீழ் வீடு. அம்மா இரவு வேலைக்குப் போன எட்டு வருடமும் என்னைச் சாப்பிடவைத்து, தலை வாரி இழுத்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவர். பிறகு நாங்கள் ஓர்லிகோனுக்குப் போனோம், மாமி அதே வீட்டில் இருந்தார். இருபத்தெட்டு வருடம். அவருக்குப் பிள்ளை இல்லை. ஆசுப்பத்திரியில் துப்பரவு வேலை. அவருடைய கணவர் தில்லைநாதன் மாமாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன, கிழமைக்கு மூன்று நாள் டயலிசிஸ். வீட்டு வாசலில் பத்தாம் நம்பர் பஸ் ஏறினால் இருபது நிமிடத்தில் ஆசுப்பத்திரி. மாமா தானே போய்த் தானே வருவார்.

"பிள்ளை, பதிவுத் தபாலில ஒரு கடிதம் வந்திருக்கு. எனக்கொண்டு, மாமாவுக்கொண்டு. ரெண்டிலயும் ஒரே விசயம்தான் போல கிடக்கு. ஒருக்கா வந்து பார்."

எங்கள் ஆட்களின் வீடுகளில் ஜேர்மன் கடிதம் வந்தால் அதை உடைப்பது பெரியவர்கள், வாசிப்பது பிள்ளைகள். எட்டு வயதில் நான் மாமிக்கு மின்சாரக் கடிதம் வாசித்திருக்கிறேன், பத்து வயதில் மாமாவின் விசாக் கடிதத்தை. சொந்தப் பிள்ளை இல்லாத வீட்டுக்கு நான்தான் பிள்ளை. இதை மாமி கோயிலிலும் கலியாண வீட்டிலும் சொல்லாத நாளில்லை. "நான் கழுவித் துடைச்ச பிள்ளை" என்பார். அதோடு நிற்கமாட்டார். "என்னத்தையோ சரித்திரம் எண்டு படிச்சுப்போட்டு ரெலிபோன் எடுத்துக்கொண்டிருக்கு" என்றும் சொல்லுவார். இரண்டையும் நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் நல்ல பெண்ணாக இருந்திருப்பேன்.

மறுநாள் போனேன். கடிதத்தை வாசித்தேன். வீட்டை விடச் சொல்லி அறிவித்தல். கட்டடம் முழுவதையும் உடைத்துத் திருத்தப் போகிறார்கள், ஒக்ரோபர் முப்பத்தொன்றுக்குள் எல்லோரும் வெளியேறவேண்டும். மேலே என் கம்பனியின் பெயர். கீழே நீல மையில் ஹெர் லூகின்பூலின் கையெழுத்து. அந்தக் கட்டடம் அவருடையது என்பது அதுவரை எனக்குத் தெரியாது. நான் மூன்றாம் மாடியில் செத்தவர்களின் கடிதம் வாசிப்பவள், உயிரோடு இருப்பவர்களின் கோப்புகள் முதலாம் மாடியில்.

பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்ததையும் வாசித்தேன். கடிதம் கிடைத்து முப்பது நாளுக்குள் வாடகைப் பிணக்குச் சபைக்கு எழுதலாம். எழுதினால், நோயாளி இருக்கும் வீடு, இருபத்தெட்டு வருடம் இருந்த ஆட்கள் என்று பார்த்து, நாலு வருடம் வரைக்கும் தவணை கொடுக்கலாம். முப்பதாம் நாள் கடந்துவிட்டால் கேட்க வழியில்லை. மாமாவுக்கு எழுபத்திரண்டு வயது. நாலு வருடம் என்பது அனேகமாக அவருக்கு மிச்சமிருக்கும் முழு ஆயுளும்தான். அந்தத் தாளின் பின்பக்கத்தில் இருந்தது, அந்த மனிதர் தன் கட்டிலில் சாவதற்கான உரிமை.

"ஒரு சபை இருக்கு மாமி, அங்க எழுதலாம்" என்று தொடங்கினேன்.

மாமி கையை உயர்த்தித் தடுத்தார். "சபையோ? கோட்டு மாதிரியோ? சீ. வேண்டாம் பிள்ளை. அண்டைக்கு விசா விசயத்தில சண்டை பிடிச்ச ஆக்களெல்லாம் எங்க? திருப்பி அனுப்பிப்போட்டாங்கள். நாங்கள் வாயைத் திறக்காமல் இருந்தம், இருக்கிறம். நீ அவரிட்டத்தானே வேலை செய்யிறாய்? எங்கட ஆள் உள்ளுக்க இருக்கேக்க நாங்கள் ஏன் வெளியால போய்க் கதைப்பான்? மரியாதையா ஒரு கடிதம் எழுது. மாமாவின்ர வருத்தத்தை எழுது. அவருக்கும் மனம் இருக்கும்தானே."

மாமா சோபாவில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுதினேன். நல்ல கடிதம். இருபத்தெட்டு வருடம் ஒருநாள் வாடகை பிந்தவில்லை என்று எழுதினேன், மாமாவின் கையில் ஊசி ஏறும் இடத்தைப் பற்றி எழுதினேன், பஸ் தரிப்பைப் பற்றி எழுதினேன். சபைக்கு எழுதுவதை முதலாளியின் பதிலைப் பார்த்துவிட்டுச் செய்யலாம், நாள் இருக்கிறதே என்று எனக்கு நானே சொன்னேன். அந்த நேரம் அதில் கள்ளம் இருக்கவில்லை. சத்தியமாக இருக்கவில்லை.

ஜூன் இருபத்தொராம் திகதி வெள்ளிக்கிழமை அவர் கோப்பி, கிப்ஃபெல் இரண்டோடும் என் கடிதத்தையும் கொண்டுவந்தார். மேசையில் வைத்து விரல்களால் நீவிவிட்டார்.

"இதை எழுதியது நீங்கள்தானே?"

"ஓம். சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்கள்."

"நான் அப்படித்தான் நினைத்தேன். இந்தக் கட்டடத்தில் இருந்து எனக்கு வந்த கடிதங்களில் இதற்குத்தான் உயிர் இருக்கிறது." கோப்பியில் சீனியைப் போட்டுக் கலக்கினார். "இவர்களுக்கு ஒரு பதில் எழுதவேண்டும். முதலாம் மாடியில் எழுதினால் கல்லு மாதிரி இருக்கும். உங்களுக்கு இவர்களின் மனம் தெரியும். அன்பாக எழுதுங்கள். நான் ஆழமாக யோசிக்கிறேன் என்று எழுதுங்கள்."

"யோசிக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"நான் எப்போதும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று சிரித்தார். எழும்பிப் போகும்போது கதவடியில் நின்று, ஓகஸ்டிலிருந்து இந்தக் கடிதங்களுக்காக ஒரு அறக்கட்டளை தொடங்குவதாகவும், அதற்கு நிரந்தரமாக ஒரு காப்பாளர் தேவை என்றும், வேறு யாரையும் தான் யோசிக்கவில்லை என்றும் சொன்னார். பொய் சொல்லும்படி அவர் எனக்கு ஒருநாளும் சொல்லவில்லை. அதற்கு அவசியம் இருக்கவில்லை.

கதவு சாத்தியதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மந்தமாக இருந்தேன் என்று சாட்டுச் சொல்ல மாட்டேன். பெல்லின் அந்த வசனத்துக்கு ஜேர்மன் தேடியவளே நான்தான். அன்று பத்தாவது நாள். இருபது நாள் மிச்சம். ஒரு ரெலிபோன் எடுத்து, "மாமி, கடிதத்தை விடுங்கோ, சபைக்கு எழுதுவம்" என்று சொல்ல அரை நிமிடம் போதும். சொன்னால் ஓகஸ்டில் நான் திரும்பவும் காதில் கம்பியை மாட்டிக்கொண்டு காப்புறுதிக்காரருக்குப் பதில் சொல்லுவேன். மாமி கோயிலில் அதையும் சொல்லுவார்.

பதிலை எழுதினேன். "தங்கள் கடிதம் என்னை ஆழமாகத் தொட்டது. தங்கள் கணவரின் நிலையை முழுக் கவனத்துடன் பரிசீலித்து வருகிறேன்." ஹெர் லூகின்பூல் ஒரு சொல்லும் மாற்றாமல் கையெழுத்து வைத்தார்.

திங்கட்கிழமை மாமி கூப்பிட்டார், போனேன். என் கடிதத்தை என்னிடமே தந்து வாசிக்கச் சொன்னார். ஜேர்மனில் வாசித்து, தமிழில் சொன்னேன். மாமி கண்ணைத் துடைத்தார். "பாத்தியோ, என்ன மரியாதையான எழுத்து! முப்பது வருசத்தில இந்த நாட்டில ஒருத்தரும் எங்களுக்கு இப்பிடி எழுதேல்லை." கடிதத்தைப் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு சாமித் தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்தார். அந்த நேரம் எனக்கு அருவருப்பாக இருந்தது. அதைவிட மோசமாக, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

இரண்டாவது கடிதம் ஜூலை முதலாம் திகதி. வைத்தியரின் அத்தாட்சி ஒன்று அனுப்பிவைத்தால் பரிசீலிக்க உதவியாக இருக்கும் என்றது. அந்த யோசனை ஹெர் லூகின்பூலுடையது. மாமி வேலைக்கு லீவு எடுத்து, வைத்தியரின் அறை வாசலில் அரைநாள் நின்று, அத்தாட்சி வாங்கி, அதை மடிப்பு விழாமல் மட்டைக்குள் வைத்து அனுப்பினார். அனுப்பிவிட்டு எனக்கு எடுத்துச் சொன்னார்: "டொக்ரர் கேட்டவர், சபைக்கோ எண்டு. நான் சொன்னன், இல்லை, சொந்தக்காரரே அன்பா கேட்டவர் எண்டு." பழைய பத்திரங்களைத் தேடச் சொன்ன பெல்லை நினைத்தேன். தேடுவது நல்ல பொழுதுபோக்கு.

ஜூலை ஏழாம் திகதி ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமி வீட்டில் சாப்பாடு. மாமா உப்பில்லாமல் தனியாக ஒரு கோப்பையில் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிந்ததும் மாமி கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். மாமா மேசை லாச்சியைத் திறந்து அந்த அறிவித்தலை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். விரலை ஒரு இடத்தில் ஊன்றினார்.

"பிள்ளை, முப்பது ராகே எண்டு இதில கிடக்கு. ராகே எண்டால் நாள். அதெனக்குத் தெரியும். என்ன முப்பது நாள்?"

அன்று இருபத்தாறாவது நாள். இன்னும் நாலு நாள் இருந்தது. மாமாவின் இடது கையில் ஊசி ஏறும் இடம் வீங்கி நீலமாக இருந்தது, சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடுமையாகப் பார்க்கவில்லை. பரீட்சைப் பெறுபேற்றைப் பிள்ளையே சொல்லட்டும் என்று காத்திருப்பவர் மாதிரிப் பார்த்தார்.

"அது வீடு குடுக்கேக்க உள்ள விதி மாமா" என்றேன். "சாவி திருப்பிக் குடுத்து முப்பது நாளுக்குள்ள, ஏதும் உடைஞ்சிருந்தா சொல்லோணும் எண்டு."

நாக்குக் கூசவில்லை. ஒரு தடுமாற்றமும் இல்லை. பெல்லுக்குக்கூட வெட்டித்தான் எழுதவேண்டியிருந்தது, எனக்கு அதுவும் தேவைப்படவில்லை.

மாமா தாளைத் திருப்பி மடித்தார். "சரி. நீ சொன்னால் சரி" என்றார்.

ஒன்பதாம் திகதி மூன்றாவது கடிதம் போனது. விடுமுறை முடிந்து வந்ததும் ஹெர் லூகின்பூல் தானே நேரில் வந்து மாமாவைப் பார்ப்பதாக அதில் இருந்தது. அது முழுக்க முழுக்க என் யோசனை. பதினோராம் திகதி வியாழக்கிழமை, முப்பதாம் நாள், காலையிலிருந்து பின்னேரம் வரை கைத்தொலைபேசியை மேசையில் குப்புறப் போட்டுவிட்டு வேலை செய்தேன். பன்னிரண்டாம் திகதி ஒரு வரி எழுதினேன்: பரிசீலனைக்குப் பின், துரதிர்ஷ்டவசமாக, அறிவித்தலை மாற்றுவதற்கு இடமில்லை. ஹெர் லூகின்பூல் கையெழுத்து வைத்துவிட்டு, தன் கிப்ஃபெலில் பாதியை உடைத்து என் தட்டில் வைத்தார். ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து நான் காப்பாளர். கதவில் பெயர்ப்பலகை போட்டிருக்கிறார்கள்.

மாமி அழுதார். கொஞ்ச நேரம்தான். "அவர் என்ன செய்வார், அவருக்கும் மேல ஆக்கள் இருப்பினம்" என்று தானே ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்து முகத்தைக் கழுவிக்கொண்டார். அவருக்கு மேலே ஆட்கள் இல்லை. கூரைதான் இருக்கிறது, அதுவும் அவருடையது.

ஒக்ரோபர்க் கடைசி ஞாயிறு மாமி என்னைக் கூப்பிட்டார். வீடு முழுக்கப் பெட்டிகள். லாங்கன்தாலுக்கு அங்கால் ஒரு கிராமத்தில் ஒரு அறையும் குசினியும் கிடைத்திருந்தது. அங்கிருந்து டயலிசிஸுக்குப் போக ஒரு பஸ், இரண்டு ரயில், திரும்பவும் ஒரு பஸ். மாமா விடிய நாலரைக்கு எழும்பவேண்டும். அவரால் தனியாகப் போக இயலாது என்று மாமி வேலையைப் பாதியாகக் குறைத்திருந்தார். மாமா இரண்டு மாதத்தில் நன்றாக வற்றிப்போயிருந்தார். சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்து போகும்.

"மேல் வீட்டுப் போர்த்துக்கல்காரியைத் தெரியும்தானே?" என்றார் மாமி, பெட்டி ஒன்றுக்கு ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டே. "அவள் அந்தச் சபைக்குப் போட்டாள். மூண்டு வருசம் குடுத்திட்டினமாம். பாவம் அந்த முதலாளி மனுசன், எவ்வளவு கோவம் வந்திருக்கும். நாங்கள் அப்பிடிப் போகேல்லை. அதால ஒரு நல்ல பேரோட வெளிக்கிடுறம். அதுதான் உன்னைக் கூப்பிட்டனான். அவருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதோணும்."

"என்னத்துக்கு மாமி?"

"என்னத்துக்கோ? மூண்டு தரம் எழுதினவர் பிள்ளை. ஒரு நாயும் மதிக்காத இடத்தில மூண்டு தரம் பதில் போட்டவர். அதை மறக்கலாமோ? இரு, நான் சொல்லுறன், நீ எழுது."

பெட்டி ஒன்றின் மேல் தாளை வைத்து எழுதினேன். மாமி நின்றுகொண்டு சொன்னார். இருபத்தெட்டு வருடம் இருக்க இடம் தந்ததற்கு நன்றி. மாமாவின் வருத்தத்தை அன்பாக விசாரித்ததற்கு நன்றி. நேரில் வருவதாகச் சொன்னதற்கு நன்றி, வரக் கிடைக்காவிட்டாலும் அந்த நினைப்புக்கே நன்றி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்கட பிள்ளைக்கு நல்ல வேலை குடுத்ததுக்கும் நன்றி எண்டு எழுது. அதை வடிவா எழுது" என்றார். பிறகு, தேத்தண்ணிப் பெட்டி எந்தப் பெட்டிக்குள் போனது என்று பார்க்க குசினிக்குள் போனார்.

மாமா சோபாவில் இருந்தார். சோபாவை அடுத்த நாள் குப்பைக்காரர் எடுப்பார்கள். அவர் குரலைத் தாழ்த்தி, வெறும் சுகம் விசாரிப்பதுபோலக் கதைத்தார்.

"நான் ஊரில அரசாங்கக் கச்சேரியில பன்ரெண்டு வருசம் கிளாக்கரா இருந்தனான். உனக்குத் தெரியாது. கடிதம் வந்தால் நான் முதலில மூலையைத்தான் பாக்கிறது. ஆர் சொன்னது, ஆர் அடிச்சது எண்டு அங்க சின்னனாப் போட்டிருக்கும். இங்கயும் அப்பிடித்தான். அந்தாளின்ர பேரின்ர முதலெழுத்து, ஒரு கோடு, பிறகு உன்ர பேரின்ர எழுத்தும் உன்ர கொப்பான்ர பேரின்ர எழுத்தும். முதல் கடிதத்திலயே கண்டனான்."

கம்பனித் தாளில் அந்த முதலெழுத்துகள் தாமாகவே விழும். நான் அவற்றை ஒருநாளும் கவனித்ததில்லை. இரண்டரை நூற்றாண்டுக்கு முந்திய வெட்டுக்கோடுகளைக் கண்டுபிடிக்கிறவள் என் சொந்தப் பெயரைப் பார்க்கவில்லை.

"மாமா..." என்றேன்.

"சொல்லி முடிக்கிறன். அந்த முப்பது நாள் என்னெண்டு போர்த்துக்கல்காரி எனக்கு ஜூனிலயே சொன்னவள். சபைக்கான விண்ணப்பப் பாரத்தையும் கொண்டு வந்து தந்தவள். நிரப்பி வைச்சனான், கையெழுத்துத்தான் போடேல்லை. உன்ர எழுத்தைக் கண்டாப்பிறகு, எங்கட பிள்ளையின்ர கைதானே எழுதுது, ஏதோ நல்லதுக்குத்தான் இழுக்குது, நாங்கள் இடையில போய்ப் பழுதாக்கக் கூடாது எண்டு நினைச்சன். ஒருக்கா உன்னட்டக் கேட்டுப் பாப்பம் எண்டுதான் அண்டைக்கு அதை எடுத்துக் காட்டினனான். நீ சாவியைப் பற்றிச் சொன்னாய். அப்பவும் நினைச்சன், ஏதோ காரணத்தோடதான் மறைக்குது எண்டு. பின்னேரம் அந்தப் பாரத்தைக் கிழிச்சுப் போட்டன்."

எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் அதைக் காட்டி மன்னிப்புக் கேட்டிருப்பேன், கேட்டிருந்தால் அவர் தந்திருப்பார், அதுவும் எனக்குக் கிடைக்கக்கூடாது என்றிருந்தது போலும். கையில் பேனை இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"மாமிக்குச் சொல்லிப்போடாதை" என்றார் மாமா. "வீடும் போயிட்டுது. உன்னையும் எடுத்துப்போட்டால் அவளுக்கு என்ன கிடக்கு."

குசினியிலிருந்து மாமி, "எழுதி முடிஞ்சுதோ பிள்ளை?" என்று கேட்டார்.

"ஓம் மாமி" என்றேன்.

மாமா கையை நீட்டினார். தாளைக் கொடுத்தேன். மேலிருந்து கீழே ஒருமுறை கண்ணை ஓட்டினார், ஜேர்மன் அவருக்கு எவ்வளவு விளங்கியது என்று எனக்குத் தெரியாது. பிறகு என்னிடமிருந்து பேனையை வாங்கி, வீங்கிய கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு, மாமியின் பெயருக்குப் பக்கத்தில் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்து வைத்தார். மடித்து உறைக்குள் போட்டு என்னிடம் நீட்டினார்.

"தபாலில போட வேண்டாம்" என்றார். "நாளைக்கு நீதானே அங்க போறாய்."